காலையில் மட்டும் வரும் சீக்கு

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்தேகால். நில அளவர் மாதவராஜ் கம்பைநல்லூர்க் கடைவீதியில் ரோசம்மாளை முதன்முதலாகச் சந்தித்தது அப்போதுதான். நாளும் நேரமும் இத்தனை சுத்தமாகக் கிடைப்பதற்கு அவருடைய நீல அட்டை நோட்டே காரணம். அளந்து, எண்ணிட்டு, எழுதி வைக்காத எதையும் நடந்ததாகவே மாதவராஜ் ஒப்புக்கொள்வதில்லை.

அன்று அவர் மொரப்பூரிலிருந்து மிதித்துக்கொண்டு வந்த சைக்கிள் அவருடையதன்று. மனைவி மணிமேகலையின் தம்பி இளம்பரிதியுடையது. ஓசூரில் வேலை பார்க்கும் அவனைக் கம்பெனி மூன்று மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. புறப்படும் முன், மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த அந்தச் சைக்கிளை அக்காள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். தாராளமாக ஓட்டிக்கொள்ளச் சொன்னான். கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, முன்னாடி இருக்கற ஷாக்குல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

வாசற்படியில் சொன்ன சொல்லை மனிதன் மறந்துவிடலாம். ஆனால், சைக்கிளோடு வந்த கையேடு மேசைமேல் கிடந்தது. ஐம்பது மணி நேரம் ஓடியதும் முன்பக்க ஷாக்கைப் பிரித்து எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. மாதவராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தொன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வேலிக்கல் அரை அடி தள்ளியிருந்தாலே சோறு இறங்காத மனிதருக்கு ஒன்றரை மணி நேரத் தவறோடு எப்படி உறக்கம் வரும்?

டிசம்பர் மூன்றாம் தேதி மொட்டை மாடியில் வேலை நடந்தது. பழைய நில வரைபடம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கட்டம் கீறி, கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் அதனதன் எண்ணில் வைத்தார். ஷாக் என்பது முன்சக்கரத்தை இருபுறமும் பற்றியிருக்கும் இரண்டு கால்கள். இடக்காலில் காற்று, வலக்காலில் எண்ணெய். காற்று தூக்கிக் கொடுக்கும். எண்ணெய் துள்ள விடாமல் அடக்கி வைக்கும். சேலத்திலிருந்து வாங்கி வந்த ஷாக் எண்ணெயை ஊசிக்குழாயால் மில்லி மில்லியாக அளந்து ஊற்றினார். மாலையில் முப்பத்தொரு கட்டமும் காலியாக இருந்தன. ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. வீட்டில் சைக்கிள் பிரித்தவர் எவருக்கும் வாய்க்காத பெருமை இது.

பெருமைக்கு ஒரு குறைதான் இருந்தது. பூட்டி முடித்த ஷாக் முன்னைவிட இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. இருமுறை காற்றடித்தும் நிமிரவில்லை. ஜப்தி ஆள் வந்த வீட்டுக்காரனைப்போலக் குனிந்தே நின்றது. ஓசூர்க் கடைக்குக் கொண்டுபோனால் செய்தி மச்சினன் காதுக்குப் போய்விடும். மொரப்பூர் சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். கம்பைநல்லூருக்கு அளவைக்குப் போகும்போதெல்லாம் அவர் டீ குடிக்கும் கடையின் உரிமையாளர் மாது என்பவர்தான் வழி சொன்னார். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிற எதுவானாலும் பக்கத்துக் கடை ரோசக்கா பார்த்துவிடுவார் என்றார்.

பக்கத்துக் கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. 'ரோஸ் ஸ்பிரேயர் ஒர்க்ஸ்' என்று பலகை. உள்ளே மருந்தடிக்கும் டேங்குகள் கோவில் திருவிழாக் குடங்கள்போல அடுக்கியிருந்தன. ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாள் கவிழ்த்துப் போட்ட டேங்கின்மீது உட்கார்ந்து குழாய் முனையை ஊதிக்கொண்டிருந்தார். எவருக்கும் முதலில் கண்ணில் படும் மாதவராஜின் மீசை அவர் கண்ணில் படவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தார்.

"இது எந்த ஊர் ஸ்பிரேயருங்க?"

மாதவராஜ் நோட்டைத் திறந்து, கையேட்டின் விதியில் தொடங்கி முப்பத்தோராம் கட்டம் வரைக்கும் இருபது நிமிடம் விளக்கினார். ரோசம்மாள் குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்தபின், "சரிங்க, சீக்கைக் காட்டுங்க" என்றார்.

அது அவருடைய தொழில் விதி. எந்த எந்திரத்தையும் சீக்கு கண்ணுக்குத் தெரியாமல் பிரிக்க மாட்டார். சொந்தக்காரன் சொல்வது நோயாளியின் மாமியார் சொல்வதுபோல, பாதிதான் நிஜம் என்பார். எந்திரமே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சைக்கிளின் கைப்பிடியை மூன்று முறை அமுக்கினார். காதை இடக்காலோடு ஒட்டிவைத்தார். பிறகு சிரித்தார். ஷாக்குக்கு மூச்சு முட்டுகிறது என்றார். கால்களை உறைக்குள் இறக்கும்போது வெளிக்காற்றும் கூடவே மாட்டிக்கொண்டுவிட்டது. அது கீழே உட்கார்ந்துகொண்டு காலை இழுத்துப் பிடிக்கிறது. புது வாஷர் போட்ட டேங்கிலும் இதே கூத்துத்தான் நடக்கும் என்றார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியை மழுக்கி, எண்ணெய் தடவி, காலும் உறையும் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் உதட்டுக்குள் மெல்லச் செருகினார்.

உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. ஷாக் இரண்டு விரற்கடை எழுந்து நிமிர்ந்தது.

அந்த மூச்சு வந்த கணத்தில் ரோசம்மாளின் மூக்கு ஒருமுறை விடைத்தது. "யாரோ தலைக்கு எண்ணெ வெச்சிக்கிட்டுப் போறாப்ல இருக்குதே" என்று தெருவைப் பார்த்தார். தெருவில் இரண்டு ஆடுகள்தாம் போய்க்கொண்டிருந்தன. மாதவராஜுக்குப் பிறவியிலேயே மோப்பம் மட்டு. அவர் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலும் அவர் இல்லை. நாற்பத்தாறு வயதும் அரசாங்கப் பதவியும் மறந்து, கடைவீதி நடுவில் சைக்கிள்மேல் ஏறி நின்று பன்னிரண்டு முறை குதித்துப் பார்த்தார். மாது எண்ணினார், அதனால் பன்னிரண்டு என்பது உறுதி. ரோசம்மாள் கேட்ட கூலியை அங்கேயே கொடுத்துவிட்டு, பாட்டுப் பாடாத குறையாக மொரப்பூருக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, பனி இறங்கிக்கொண்டிருக்க, ரயில் நிலையச் சாலையின் முதல் வேகத்தடையில் சைக்கிள் ஏறியது. ஷாக் அசையவில்லை. கடப்பாரையை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு வந்ததுபோல அடி நேராகத் தோளுக்கு வந்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதின. இரண்டாம் வேகத்தடையிலும் அப்படியே. மூன்றாவதை அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்தார்.

பத்து மணிக்குக் கம்பைநல்லூர். கைப்பிடியை அமுக்கிய ரோசம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஷாக் வெண்ணெய்போல இறங்கி, வெண்ணெய்போல ஏறியது.

"எங்கீங்க சீக்கு?"

மாதவராஜே அமுக்கினார். குதித்தார். சீக்கில்லை. இரண்டு நாள் கழித்து விடியலில் மறுபடியும் கடப்பாரை, பத்து மணிக்கு மறுபடியும் வெண்ணெய். மூன்றாம் முறை அவர் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தும்போதே, டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்திருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ரோசக்காவைப் பார்த்ததும் சீக்கு வழியிலேயே இறங்கி ஓடிப்போய்விடுகிறது என்றார் மாது. மாட்டு டாக்டரைக் கண்டால் எருமை ஒழுங்காக நிற்குமே, அந்தக் கதைதான் என்றார் இன்னொருவர்.

அன்று டிசம்பர் இருபத்து நான்கு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் என்பதால் ரோசம்மாளுக்கு வீட்டு வேலை தலைக்குமேல் கிடந்தது. நான்காவது முறையாக நோட்டைத் திறக்கப் போனவரைக் கையமர்த்தி, உள்ளதைச் சொல்லிவிட்டார். கம்பெனி செய்து அனுப்பியபோது இந்தச் சீக்கு இல்லை. பிரித்துப் பூட்டியபின் வந்திருக்கிறது. ஆகவே சீக்கு எந்திரத்தில் இல்லை, பூட்டிய கையில் இருக்கிறது.

வரைபடத்தில் ஒரு கோடு பிசகியது என்று இருபத்திரண்டு வருடத்தில் எவரும் மாதவராஜைச் சொன்னதில்லை. அவருடைய மீசை விடைத்தது. அந்த மீசை சாமான்யப்பட்டதன்று. இரு கடைவாயிலும் இறங்கி, கன்னத்தில் ஏறி, நுனியில் கொக்கி போட்டு நிற்பது. வரப்புத் தகராறுகளில் பாதியை அளவுச் சங்கிலி தீர்க்கும், மீதியை மீசை தீர்க்கும் என்று சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சுண்டு.

"முப்பத்தொரு சாமானும் எண்ணி எடுத்து எண்ணி வெச்சேன். எண்ணெகூட மில்லிக் கணக்கு. என் கைவேலைல தப்புன்னு நீங்க காட்டிட்டீங்கன்னா, இந்த மீசைய எடுத்து உங்க கையிலயே குடுத்துடறேன்."

ரோசம்மாள் அப்போதுதான் அந்த மீசையை முதன்முதலாக நன்றாகப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குங்க மீசை?" என்றார். பிறகு, வந்த பொருளை வேண்டாம் என்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, "செரி, இருக்கட்டும். மாது, நீ கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரோசம்மாளின் கதையில் பாதியை மாதவராஜ் அந்தப் பெஞ்சில்தான் கேட்டறிந்தார். கடைக்கு வர வர டீ பெருகியது. டீ பெருகப் பெருகக் கதை வளர்ந்தது.

ரோசம்மாள் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். கல்யாணமாகி வந்தபின் தக்காளித் தோட்டங்களில் மருந்தடிக்கும் கூலி வேலைக்குப் போனார். முதுகில் தூக்கும் டேங்கு எல்லாமே ஒழுகும். ஒழுகிய மருந்து முதுகை எரிக்கும். முதலாளியிடம் சொன்னால், கோணிப்பையை மடித்து முதுகில் கட்டிக்கொள்ளச் சொல்வார். ஒரு நாள் மதியச் சோற்று வேளையில், எல்லாரும் வேப்பமரத்தடியில் தூங்க, ரோசம்மாள் மட்டும் டேங்கைக் கவிழ்த்துப் போட்டு அரிவாள்முனையால் திருகைக் கழற்றினார். உள்ளே தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம். தம் கால் செருப்பைப் பார்த்தார். குதிகால் பக்கம் ஒரு வட்டம் வெட்டியெடுத்துப் பொருத்தினார். டேங்கு ஒழுகவில்லை. ஒற்றைச் செருப்பில் ஒரு துளையோடு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் கூடவந்த பெண்கள் தங்கள் டேங்குகளை நீட்டினார்கள். அந்த மாதத்தில் ரோசம்மாள் மூன்று ஜோடி செருப்பு இழந்தார். ஊரே இரண்டாக இருந்தது: செருப்பில் வட்டத் துளை உள்ளவர்கள், இன்னும் முதுகு எரிபவர்கள். அவருடைய கணவர் கேரளத்துக்கு லாரி ஓட்டுபவர். மாதத்துக்கு ஒருமுறை வீடு வந்தபோது தம் புதுச் செருப்பும் துளைபட்டிருப்பதைக் கண்டு, சண்டை போடுவதற்குப் பதிலாக, அடுத்த நடை வரும்போது ஒரு கிழிந்த லாரி டியூபைச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த டியூபிலிருந்து பிறந்ததுதான் 'ரோஸ் ஸ்பிரேயர் ஒர்க்ஸ்'. பலகையில் 'ரோஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் அன்றைக்குச் சிவப்புச் சாயம் போதவில்லையாம். அதனால் அது இன்றும் நீலம்.

கடையை ஏன் பத்து மணிக்குத்தான் திறக்கிறார் என்பதற்கும் கணக்கு இருந்தது. காற்று கிளம்புமுன் மருந்தடித்துவிட வேண்டும் என்பதால், டேங்குகள் விடியற்காலையில்தான் வேலை செய்யும். அப்போதுதான் கெட்டும் போகும். கெட்டது கடைக்கு வந்து சேரப் பத்து மணியாகும். அதற்கு முன்னால் திறந்து வைத்து ஈ ஓட்டுவானேன் என்பது ரோசம்மாளின் வாதம். இருபது வருடத்தில் ஒரு நாளும் அது தவறியதில்லை.

புது வருடம் பிறந்தது. மாதவராஜின் வீட்டில் வேறொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அவர் பக்கத்தில் வந்தாலே பஸ் டிப்போவுக்குள் நுழைந்ததுபோல வாசனை அடிக்கிறது என்று மணிமேகலை மூக்கைப் பொத்தினார். "ஏங்க, அந்தச் சைக்கிளக் கட்டிக்கிட்டு அழுவற வரைக்கும் எம்பக்கத்துல உக்காராதீங்க" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மாதவராஜ் இரண்டு சோப்பு மாற்றினார். டிப்போ போகவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, இளம்பரிதி ஓசூரிலிருந்து பேசினான். திரும்பி வந்தாயிற்று, போகியன்று மொரப்பூர் வருகிறான், காணும் பொங்கலன்று விடியற்காலையில் வத்தல்மலை உச்சியிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் இறங்கப் போகிறான்.

"ஷாக்குல கை வெக்கலதானே மாமா?"

"சாப்ட்டியா மாப்ள?" என்றார் மாதவராஜ்.

போனை வைத்தபின் அவர் கணக்குப் போட்டார். விடியற்காலைக் குளிர், செங்குத்தான இறக்கம், வளைவு, முன்சக்கரத்தில் கடப்பாரை. மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது என்பது இதுவரை இருந்த கவலை. மச்சினன் கீழே விழுந்தால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பது இப்போது வந்த கவலை. ஆறாம் நாள் போகி.

அன்று சைக்கிளை எடுக்காமல் பஸ்ஸில் கம்பைநல்லூர் போனார். நோட்டை மட்டும் ரோசம்மாள் மடியில் வைத்தார். மூன்று வாரத்தில் பதினொரு விடியல். ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, சக்கரக் காற்று, ஓட்டியவரின் எடை, வேகத்தடையின் உயரம்வரை எழுதியிருந்தது. மீசையை இப்போதே எடுத்துவிடுகிறேன், சைக்கிளை மட்டும் காப்பாற்றுங்கள் என்று கேட்கிற முகம் அவருக்கு.

ரோசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவர் பக்கம் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"சார், இந்த நோட்டுல எட்டு மணிக்கு மேல ஒரு சீக்குகூட இல்லீங்களே."

மாதவராஜ் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்தே முக்கால், ஆறேகால், ஐந்தரை, ஏழு. எல்லாவற்றையும் அளந்தவர், அளந்ததை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்குச் சைக்கிளோடு வரச் சொன்னார் ரோசம்மாள். வெயிலில் நிறுத்தக் கூடாது, வழியில் டீ குடிக்கக் கூடாது. கடையை அவர் ஆறு மணிக்கே திறந்து வைப்பார். இதைக் கேட்ட மாது கையிலிருந்த பாலைத் தவறவிட்டார்.

ஜனவரி பத்து, புதன்கிழமை. பனிக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு வேகத்தடையிலும் மாதவராஜுக்கு எலும்பு எலும்பாகக் கணக்குத் தெரிந்தது. கம்பைநல்லூரில் வந்து இறங்கியதும் சைக்கிளை நீட்டினார். மங்கி குல்லாவும் கணவரின் காக்கிச் சட்டையுமாக நின்றிருந்த ரோசம்மாள் கைப்பிடியை அமுக்கினார். அசையவில்லை. தம் முழு எடையையும் போட்டு அமுக்கினார். அசையவில்லை. அவர் முகத்தில் பூத்த மகிழ்ச்சியைப் பார்த்தவர், காணாமற்போன ஆடு கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"வந்துட்டான் பாருங்க, சீக்கு," என்றார்.

மாதுவிடம் ஒரு டம்ளர் கொதிக்கிற டீ கேட்டார். குடிப்பதற்கன்று. டம்ளரை ஷாக்கின் வலக்காலோடு ஒட்டிப் பிடித்தார். டீ ஆறியது, இன்னொரு டம்ளர், பிறகு இன்னொன்று. நான்காம் டம்ளரில் அமுக்கிப் பார்த்தபோது ஷாக் கரகரவென்று அரை அங்குலம் இறங்கியது. ஆறாவதில் இரண்டங்குலம்.

குளிரில் இறுகுகிறது, சூட்டில் இளகுகிறது. ரோசம்மாள் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றார். கடைக் கண்ணாடி மாடத்தில், பைபிளுக்குப் பக்கத்தில், அவருடைய தேங்காய் எண்ணெய்க் குப்பி இருந்தது. மார்கழி தொடங்கியதிலிருந்து அது காலையில் வெள்ளை மெழுகாக உறைந்து கிடப்பதும், அவர் அதை வெயிலில் வைப்பதும் வழக்கம். குப்பியைப் பார்த்தார். ஷாக்கைப் பார்த்தார். பிறகு மாதவராஜின் முகத்தைப் பார்த்தார்.

பனியில் நனைந்த மீசை, கொக்கி குலையாமல் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"சார், மீசைக்கு என்னங்க தடவறீங்க?"

"தேங்காண்ணெ. எதுக்கு?"

"இந்தக் குளிர்ல உறையலீங்களா?"

மாதவராஜ் அத்தனை துன்பத்திலும் சற்று நிமிர்ந்தார். மீசைக்கென்று அவர் தனிக் குப்பி வைத்திருப்பதையும், வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை என்பதையும் சொன்னார். கிழக்கு மதிலில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று அளந்து அங்கே குப்பியை வைத்த நாளிலிருந்து, டிசம்பர் முதல் வாரம் முதல், ஒரு நாள்கூட அது உறையவில்லை என்றும், ராத்திரியில்கூடத் தண்ணீர்போல இருக்கிறதென்றும், அது முறையாகச் செய்வதன் பலன் என்றும் விளக்கினார்.

ரோசம்மாளின் உதடு துடிக்கத் தொடங்கியது. அவர் அடக்கிக்கொண்டு மாதுவைக் கூப்பிட்டார்.

"மாது, இப்பிடி வா. சார் கோச்சுக்க மாட்டாரு. அவரு மீசைய ஒருக்கா மோந்து பாரு."

கம்பைநல்லூர்க் கடைவீதி தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு காரியம் அங்கே நடந்ததில்லை. மாது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோவிலில் தீர்த்தம் வாங்கப் போகிறவரைப்போலக் குனிந்து, அரசாங்க நில அளவரின் மூக்குக்குக் கீழே தம் மூக்கைக் கொண்டுபோனார். ஒருமுறை இழுத்தார். சந்தேகம் தீர இரண்டாம் முறையும் இழுத்தார்.

"அக்கா, புல்லட் வாசன வருதுக்கா."

அதற்குமேல் ரோசம்மாளால் முடியவில்லை. டேங்கின்மேல் உட்கார்ந்தவர் சரிந்து தரையில் உட்கார்ந்தார். மங்கி குல்லா கழன்று விழுந்தது. ஒன்றும் விளங்காமலே மாது சிரித்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாதவராஜ் மட்டும் மீசையின் ஒரு நுனியை இழுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு, வராத வாசனையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்கே எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஷாக் எண்ணெயைச் சேலத்துக் கடையில் சில்லறையாக வாங்கி, தீர்ந்துபோன தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கழுவி அதில் ஊற்றியது. ஒன்றுபோல இரண்டு குப்பி. இரண்டிலும் நிறமற்ற எண்ணெய். குழம்பிவிடக் கூடாதே என்று சீட்டு ஒட்டப் பார்த்தது. எண்ணெய்ப் பிசுக்கில் குப்பியின்மேல் சீட்டு ஒட்டவில்லை. ஆகவே மூடியின்மேல் ஒட்டியது. ஒரு மூடியில் 'ஷாக்', ஒரு மூடியில் 'மீசை'. இளகிய எண்ணெய்தான் அளவுக்குச் சரியாக வரும் என்று இரண்டையும் மதிலில் வைத்து, சூட்டுக்கு உப்பாமலிருக்க இரண்டு மூடியையும் திறந்து பக்கத்தில் வைத்தது. கீழே மணிமேகலை கூப்பிட்டது. அவசரத்தில் எந்த மூடி எதற்கென்று பாராமல் போட்டுவிட்டு இறங்கியது.

முப்பத்தொரு சாமானுக்கு எண் போட்ட மனிதர், குப்பிக்குப் போடவில்லை, மூடிக்குப் போட்டிருந்தார்.

"ஒரு மாசமா சைக்கிளு தேங்காண்ணெ வெச்சிக்கிட்டுத் திரியுது," என்றார் ரோசம்மாள், கண்ணைத் துடைத்தபடி. "மீசைக்கு ஷாக்கு போட்டிருக்குது."

அன்று மதியமே மாதவராஜ் இரண்டு குப்பிகளையும் கொண்டுவந்தார். அலமாரிக்குள் கிடந்த 'ஷாக்' குப்பியில் மிச்ச எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் இருந்தது. ரோசம்மாள் ஷாக்கைப் பிரித்தார். வலக்காலைக் கவிழ்த்தபோது கொட்டகை முழுவதும் கல்யாண வீட்டுச் சடை வாசனை பரவியது. ரோசம்மாள் கை நின்றது. முதல் நாள் ஈர்க்கைச் செருகியபோதே மூக்கு சொன்னது. தெருவில் போன ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேனே என்று தலையில் தட்டிக்கொண்டார். எந்திரமே வாய் திறந்து சொல்லட்டும் என்று இருபது வருடம் சொல்லிவந்தவர். அன்றைக்கு எந்திரம் சொன்னது, அவர் கேட்கவில்லை. அதை அவர் பெஞ்சு கேட்கவே சத்தமாகச் சொன்னார்.

உறுப்புகளைக் கழுவித் துடைத்து, மாதவராஜ் கட்டம் கீறிய தாளில் எண்படி வைத்து, இருவருமாகப் பூட்டினார்கள். 'மீசை' என்று மூடியிட்ட குப்பியிலிருந்து எண்ணெயை அளந்தபோது, ஒரு மாதத்தில் மீசை குடித்தது இருபத்தாறு மில்லி என்று தெரிந்தது. மிச்சம் ஷாக்குக்குப் போதுமானதாக இருந்தது. இறக்கும்போது ரோசம்மாள் மறக்காமல் ஈர்க்கைச் செருகி மூச்சு விட வைத்தார். மறுநாள் விடியலில் மொரப்பூரின் ஆறு வேகத்தடைகளையும் மாதவராஜ் மூன்று சுற்று ஏறி இறங்கினார். நான்காம் சுற்றும் போயிருப்பார். பால் வாங்க வந்த மேலதிகாரியின் மனைவி பார்த்துவிட்டார்.

காணும் பொங்கல் விடிந்தது. வத்தல்மலை உச்சியில் மேகம் தரையில் படுத்திருந்தது. ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்ட மாதவராஜ் ஸ்கூட்டரில் பின்தொடர, இளம்பரிதி முதல் வளைவில் பாய்ந்தான். மாதவராஜின் உயிர் அந்தச் சைக்கிளின் வலக்காலில் இருந்தது. பள்ளம் வந்தது, ஷாக் இறங்கி எழுந்தது. கல் வந்தது, விழுங்கிவிட்டுப் போனது. ஐந்தாம் வளைவில் இளம்பரிதி கத்திய கத்தலில், சாமைக் கொல்லையில் நின்ற கிழவர் ஒருவர் பதிலுக்குக் கத்தினார். எட்டாம் வளைவில் மாதவராஜும் ஸ்கூட்டரில் இருந்தபடியே கத்திவிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

அடிவாரத்தில் இளம்பரிதி ஷாக்கைத் தட்டிக் கொடுத்தான். விட்டுப்போனபோது இருந்ததைவிட நன்றாக இருக்கிறது, தொடாமல் வைத்திருந்ததற்கு நன்றி என்றான். மாதவராஜ் மலையைப் பார்த்தார்.

"ஆனா மாமா, உங்க மீசை மட்டும் முன்னவிட ஜோரா இருக்குது. என்ன போடறீங்க?"

"கம்பைநல்லூர்ல ஒரு அம்மாவக் கேட்டாத் தெரியும்," என்றார் மாதவராஜ்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தேகால் மணிக்கு, அவர் கம்பைநல்லூருக்குப் போனார். சட்டைப்பையில் புதுச் சவரக்கத்தி இருந்தது. வாக்கு வாக்குத்தான். பெஞ்சு நிறைந்திருந்தது; மாது சூடான தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தார். ரோசம்மாள் ஒரு டேங்கின் வாயை ஊதிக்கொண்டிருந்தார். மாதவராஜை நிமிர்ந்து பார்த்தார். மீசையின் இடது கொக்கியைப் பார்த்தார். வலது கொக்கியைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்த டேங்கை அவர் முன்னால் தள்ளி, அதன் பிடியைச் சற்று அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மாதவராஜ் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பதினொன்றேகால்வரை பிடித்துக்கொண்டிருந்தார். மீசைப் பேச்சு வரவேயில்லை. மாதுவின் வெந்நீர் ஆறிப்போனது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாதவராஜ் இன்றும் மாதம் ஒருமுறையாவது அந்தக் கொட்டகைக்குப் போகிறார். அவர் வீட்டுக் குப்பிகளில் இப்போது பெயர் மூடியிலும் இருக்கிறது, உடம்பிலும் இருக்கிறது, அடியிலும் இருக்கிறது. காலையில் கண்ணாடி முன் நின்று மீசையைச் சீவும்போது, அடுத்தவர் மாட்டைப் பங்குக்கு வாங்கி வளர்ப்பவனைப்போல ஒரு முடி உதிராமல் பார்த்துக்கொள்கிறார். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு குடும்பமே மொட்டை போட்டபோதும், அது தம்முடையதன்று என்று சொல்லி அதை மட்டும் விட்டுவைக்கச் செய்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில், 24.12.2023 என்ற தேதிக்கு நேரே 'மீசை, ரோசம்மாளுக்குச் சேர வேண்டியது' என்று எழுதியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், கொடுத்த தேதிக்கென்று விட்ட கட்டம் காலியாகவே இருக்கிறது. ரோசம்மாள் இன்றுவரை அதைக் கேட்கவில்லை.